பம்பைக் காக்கும் ஒரு தேக்கரண்டி

வாகன மேடை: வாசகர் கேள்வி பதில்

சுப்பர் டீசல் (கந்தகம் குறைந்த டீசல்), எரிபொருள் பம்ப் தேய்வு, கடைகளில் விற்கும் ‘லூப்ரிசிற்றி’ (டீசலுக்கு வழுவழுப்பூட்டும் சேர்மானம்) போத்தல்கள் பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். பலர் ஒரே விடயத்தைக் கேட்டிருந்ததால் சில கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியுள்ளோம்.

கந்தகம் குறைந்த டீசல் அடித்தால் பம்ப் சீக்கிரம் தேயும் என்கிறார் கராஜ் பாஸ். டீசலுக்கு வழுவழுப்பைக் கொடுப்பது கந்தகம்தானா? என்னுடையது கொமன் ரெயில் (ஒரே உயரமுக்கக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்ரருக்கும் டீசல் போகும்) வேன்.
– வேன் உரிமையாளர், கொட்டாஞ்சேனை

தேய்வு உண்மை. பழியைக் கந்தகத்தின் மேல் போட்டதுதான் பிழை. மசகு (கச்சா) எண்ணெயிலிருந்து வடித்தெடுத்த டீசலில் கந்தகச் சேர்வைகளோடு நைதரசனும் ஒட்சிசனும் கொண்ட சில முனைவுச் சேர்வைகளும் மிகச் சிறிய அளவில் இருக்கும். இரும்பில் ஒட்டிக்கொண்டு அதைக் காப்பவை முக்கியமாக இவைதான். கந்தகத்தை நீக்குவதற்கு டீசலைக் கடும் வெப்பத்திலும் அமுக்கத்திலும் ஐதரசனோடு சேர்த்து ஊக்கியின் மேல் செலுத்துகிறார்கள். கந்தகம் ஐதரசன் சல்பைட்டாக வெளியேறும். கள்ளனைத் துரத்தப்போய்க் காவல்காரனையும் துரத்திவிட்ட கதையாக, இந்தச் சேர்வைகளும் கூடவே போய்விடும்.

1990களின் தொடக்கத்தில் சுவீடன் கந்தகம் மிகக் குறைந்த நகர டீசலை அறிமுகப்படுத்தியபோதுதான் இது பெரிய அளவில் தெரியவந்தது. சுழல் விநியோகப் பம்புகள் எதிர்பாராத வேகத்தில் தேய்ந்தன. பழைய நேர்வரிசைப் பம்பில் கேம் பகுதி எஞ்சின் ஒயிலில் ஓடும். பிளஞ்சரும் (டீசலை அமுக்கும் தண்டு) பரலும் (அது ஓடும் உருளை) மட்டுமே டீசலை நம்பியிருக்கும். பொஷ் வீஈ, லூக்காஸ் டீபீஏ போன்ற சுழல் பம்புகளில் உள்ளே இருப்பது முழுவதும் டீசல்தான். உங்கள் வேனின் உயரமுக்கப் பம்பும் அப்படியே.

யூரோ 4 தரத்தில் ஒரு கிலோ டீசலில் கந்தகம் 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. யூரோ 5 இல் 10. அதே ஐரோப்பியத் தரம் தேய்வுச் சோதனைக்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. அதனால் இந்த வகை டீசலில் வழுவழுப்புக்கான அடிட்டிவ்வை (சேர்மானத்தை) விநியோகத்துக்கு முன்பே கலந்துவிடுவதுதான் வழக்கம். நல்ல ஷெட்டில் சுப்பர் டீசல் அடிப்பவர் கூடுதலாகப் போத்தல் வாங்கத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. அந்தக் காசுக்கு ஒரு பில்டர் வாங்கலாம்.

வழுவழுப்பு அடிட்டிவ்வில் இருப்பது கொழுப்பமிலம் என்கிறார்கள். அது பம்பை எப்படிக் காக்கிறது? ஸ்டியரிக் அமிலம் மலிவாகக் கிடைக்கும்போது ஏன் ஒலெயிக், லினோலெயிக் அமிலங்களைத் தேடுகிறார்கள்?
– பொறியியல் மாணவி, மொரட்டுவை

முதலில் டீசலின் தடிப்பைப் பாருங்கள். 40 பாகை செல்சியஸில் அதன் பாகுநிலை 2 முதல் 4.5 சென்ரிஸ்டோக்ஸ், எஞ்சின் ஒயிலோ அதே வெப்பநிலையில் நூறையொட்டி நிற்கும். பிளஞ்சர் வேகமாக ஓடும்போது இவ்வளவு மெல்லிய திரவமும் இரண்டு உலோகங்களையும் பிரித்து வைக்கும். ஓட்டத்தின் இரு முனைகளிலும் பிளஞ்சர் ஒரு கணம் நின்று திரும்புகிறதே, அப்போது திரவப் படலம் அறுந்துவிடும். உலோகத்தோடு உலோகம் உரசும் இந்த நிலைக்கு ‘எல்லை உராய்வுநீக்கல்’ என்று பெயர். வில்லியம் பேற் ஹார்டி 1922 இல் இதை ஆராய்ந்து, மூலக்கூறின் சங்கிலி நீள நீள உராய்வு குறைகிறது என்று காட்டினார்.

கொழுப்பமிலத்துக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. காபொட்சிலிக் தலை, உருக்கின் மேலுள்ள ஒட்சைட்டுத் தோலில் பற்றிக்கொள்ளும். பல இடங்களில் இரும்போடு தாக்கமுற்று இரும்புச் சவர்க்காரமாகவே மாறிவிடும். வால் டீசலுக்குள் நீட்டி நிற்கும். நெருக்கி நட்ட நாற்று மேடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்றைத் தனியாகப் பிடுங்கலாம். ஆயிரம் நாற்று பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றையொன்று தாங்கும். வால்களுக்கிடையிலான வந்தர்வாலிசு விசைதான் (மூலக்கூறுகள் ஒன்றையொன்று மெல்ல இழுக்கும் விசை) அந்தத் தாங்கல். 18 காபன் சங்கிலி 12 காபன் சங்கிலியை விட உறுதியான படலம் தருவதற்கு இதுவே காரணம். முழுப் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 2 நனோமீற்றர். பிளஞ்சருக்கும் பரலுக்கும் இடையிலுள்ள இடைவெளி இதைப்போல் ஆயிரம் மடங்கு. எனவே பிளஞ்சர் இறுகிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

ஸ்டியரிக் அமிலத்தின் வால் நேரானது. அது இன்னும் நெருக்கமாக அடுக்கும், படலமும் வலிமையாக இருக்கும். ஆனால் அது உருகுவது 69 பாகையில். டீசலில் அதன் கரைதிறன் குறைவு. சற்றுக் குளிர்ந்தால் பளிங்காகப் பிரிந்து பில்டரில் படியும். ஒலெயிக்கின் வாலில் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு, அதனால் ஒரு வளைவு. உருகுநிலை 13 பாகைக்கு இறங்குகிறது. இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள லினோலெயிக்குக்கு −5. அடுக்கத்தில் கொஞ்சம் இழந்து, கரைதிறனில் நிறையப் பெறுகிறார்கள். அதற்காக இரட்டைப் பிணைப்புகளைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது, அமிலம் காற்றில் ஒட்சியேறிப் பிசினாகும்.

இவ்விரு அமிலங்களும் நிறைந்த மலிவான மூலப்பொருள் டால் எண்ணெய். பைன் மரத்திலிருந்து கடதாசிக்கூழ் செய்யும்போது பக்கவிளைவாகக் கிடைப்பது. அடிட்டிவ்வின் பாதுகாப்புத் தாளில் 61790-12-3 என்ற எண்ணைக் கண்டால் உள்ளே இருப்பது டால் எண்ணெய்க் கொழுப்பமிலம் என்று விளங்கிக்கொள்ளலாம். அமிலத்துக்குப் பதில் கிளிசரோல் மொனோஒலெயேற் போன்ற எசுத்தரும், அமைட்டும் பயன்படுகின்றன. அமிலம் மலிவு, குறைந்த அளவே போதும், ஆனால் காரத்தைக் கண்டால் வம்பு. எசுத்தருக்கு அந்த வம்பு குறைவு, விலை கூட.

போத்தலில் ‘460 மைக்றோனுக்குக் கீழ்’ என்று போட்டிருக்கிறது. எதை அளக்கிறார்கள்?
– உதிரிப்பாகக் கடைக்காரர், பஞ்சிகாவத்தை

ஒரு சின்ன உருக்குக் குண்டில் விழும் தழும்பை. 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள குண்டை, 2 மில்லிலீற்றர் டீசலில் மூழ்கிய உருக்குத் தட்டின் மேல் 200 கிராம் பாரத்தோடு வைத்து, செக்கனுக்கு 50 முறை, 1 மில்லிமீற்றர் தூரம் முன்னும் பின்னும் உரசுவார்கள். டீசல் 60 பாகை. நேரம் 75 நிமிடம். கணக்குப் போட்டால் 2,25,000 உரசல், மொத்தம் 450 மீற்றர் ஓட்டம். பிறகு நுணுக்குக்காட்டியில் தழும்பை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளந்து சராசரி எடுப்பார்கள். ஐரோப்பிய எல்லை 460 மைக்றோன், அதாவது 0.46 மில்லிமீற்றர். அமெரிக்க எல்லை 520. அடிட்டிவ் இல்லாத, கந்தகம் நன்றாக நீக்கிய டீசல் பெரும்பாலும் 550க்கு மேல் காட்டும்.

இரண்டு விடயம் வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். ஒரே டீசலை இருமுறை சோதித்தாலும் பத்துக்கணக்கான மைக்றோன் வேறுபாடு வரும். ஆகவே ‘எங்கள் போத்தல் 410, அவர்களுடையது 430’ என்ற போட்டிக்கு அர்த்தமில்லை. மற்றது, இச்சோதனை மெல்லத் தேயும் தேய்வையே பார்க்கிறது. நீர் கலந்து துருப்பிடித்தது, தூசி அராவியது, பாரம் தாங்காமல் உலோகம் ஒட்டிக் கிழிந்தது எதுவும் இதில் தெரியாது.

60 லீற்றர் தாங்கிக்கு எவ்வளவு ஊற்றவேண்டும்? இரட்டிப்பாக ஊற்றினால் பம்ப் இரட்டிப்புக் காலம் உழைக்குமா?
– மூன்று வாசகர்கள். வத்தளை, வெள்ளவத்தை, பேலியகொடை

60 லீற்றர் டீசலின் நிறை ஏறத்தாழ 50 கிலோ. நிறைப்படி பத்து இலட்சத்தில் 100 பங்கு கொழுப்பமிலம் என்றால் 5 கிராம், கிட்டத்தட்ட ஐந்தரை மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். வழமையான அளவு 50 முதல் 200 பங்கு வரை இருக்கும். கடைப் போத்தலில் இருப்பது தூய அமிலமல்ல, கரைப்பானில் நீர்த்தது. எனவே தேக்கரண்டிக் கணக்கைப் போத்தலுக்குப் பொருத்தாமல் லேபலிலுள்ள அளவையே பின்பற்றுங்கள்.

இரட்டிப்பு ஊற்றினால் இரட்டிப்புக் காலம் வராது. தேய்வுத் தழும்பு அளவோடு நேராகக் குறைவதில்லை. மிகக் குறைந்த அளவில் மாற்றமே தெரியாது. உலோகப் பரப்பை மூடும் அளவு வந்ததும் தழும்பு சடாரென்று சுருங்கும். அதற்குப் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் கோடு தட்டையாகவே போகும். நாற்று நட வயலில் இடமில்லை என்றால் மிச்சக் கட்டு வரம்பில்தான் கிடக்கும். இங்கே வரம்பில் கிடக்கும் மிச்சம் சும்மா கிடக்காது, நீரையும் உலோக உப்பையும் தேடிப் போகும். அதைக் கீழே முகத்துவாரத்துக் கேள்வியில் பாருங்கள்.

ஊற்றும் முறை: தாங்கி கால்வாசி இருக்கும்போது அடிட்டிவ்வை விட்டு, அதன் மேல் டீசல் அடியுங்கள். விழும் டீசலே கலக்கிவிடும். நிரம்பிய தாங்கியில் மேலே ஊற்றினால் கலக்க நேரமெடுக்கும்.

தேங்காயெண்ணெய், 2ரீ ஒயில், கழிவு ஒயில் – லொறிக்காரர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். 2022 தட்டுப்பாட்டில் மண்ணெண்ணெய் கலந்து ஓடியவர்களும் உண்டு. இவற்றில் எது பரவாயில்லை?
– லொறி உரிமையாளர், கிராண்ட்பாஸ்

தேங்காயெண்ணெயும் கொழுப்பமிலத்தால் ஆனதுதானே என்ற நியாயம் புரிகிறது. ஆனால் அதில் மூன்று அமிலங்களின் தலைகளையும் கிளிசரோல் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. இரும்பைப் பிடிக்கவேண்டிய கை கட்டப்பட்டிருப்பதால் பிடி தளர்வு. அதோடு ஏறத்தாழ பாதி லோரிக் அமிலம். 12 காபன் மட்டும். நொசிலில் கரி பிடிக்கும். 24 பாகைக்குக் கீழே உறையும். கொழும்பில் தெரியாது, ஹயர் ஒன்று நுவரெலியாவுக்குப் போய் விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது தெரியும்.

2ரீ ஒயில் பெற்றோலோடு எரிவதற்குச் செய்தது. 200க்கு 1 என்று ஊற்றினால் அது பத்து இலட்சத்துக்கு 5,000 பங்கு, அடிட்டிவ்வை விட 50 மடங்கு. அவ்வளவு ஊற்றியும் இரும்பைப் பற்றும் பொருள் அதில் சொற்பம். சாம்பல் தரும் வகையாக இருந்தால் புகைவடிகட்டி உள்ள வாகனத்தில் அது எரியாமல் அப்படியே தேங்கும்.

கழிவு ஒயில் வேண்டவே வேண்டாம். கரித்துகளும் உலோகத் தூளும் பிளஞ்சரை அராவும். எஞ்சின் ஒயிலிலுள்ள கல்சியம், டீசலில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்பமிலத்தோடு சேர்ந்து பசையாகும்.

மண்ணெண்ணெய்க்கு இரண்டு குறை. வழுவழுப்பு குறைவு, அதை அடிட்டிவ் ஓரளவு ஈடுசெய்யும். பாகுநிலையும் குறைவு, அதை எந்த அடிட்டிவ்வும் ஈடுசெய்யாது. மெல்லிய திரவம் பிளஞ்சரைச் சுற்றிக் கசியும், அமுக்கம் ஏறாது, கசியும் இடம் சூடாகும், சூட்டில் திரவம் இன்னும் மெலியும். நான்கில் எது பரவாயில்லை என்றால், ஒன்றுமில்லை.

எங்கள் பலநாள் படகில் பில்டரைக் கழற்றினால் கபில நிறத்தில் களி மாதிரி ஒட்டியிருக்கிறது. டீசலுக்கு அடிட்டிவ் சேர்க்கத் தொடங்கிய பிறகே இது வந்தது. போத்தல் போலியா?
– படகு உரிமையாளர், முகத்துவாரம்

போத்தல் போலியாக இருக்கவேண்டிய அவசியமில்லை. உங்கள் தாங்கியின் அடியில் என்ன கிடக்கிறது என்பதே முதல் கேள்வி.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டால் நுரைக்காமல் திரைதிரையாக மிதக்குமல்லவா? கல்சியமும் மக்னீசியமும் கொழுப்பமிலத்தைப் பிடித்துக் கரையாத சவர்க்காரமாக்குகின்றன. கடல்நீரில் அவை இரண்டும் உண்டு, சோடியமும் உண்டு, நீரும் இலேசாகக் காரம். படகின் தாங்கிக்குள் காற்றுத் துவாரத்தாலோ மூடியாலோ கடல்நீர் போய் அடியில் நின்றால், டீசலிலுள்ள கொழுப்பமிலம் அந்த எல்லையில் போய்ச் சேரும். அமிலத்தின் தலை நீரையும் விரும்புவதால் டீசலையும் நீரையும் பாலாகக் கலக்கியும் விடும். அப்படிக் கலங்கிய நீரைச் செப்பரேற்றரால் பிரிக்க முடியாது. இன்னொரு வழி, தாங்கியைக் கோஸ்ரிக் சோடாவாலோ சலவைத் தூளாலோ கழுவிச் சரியாக அலசாமல் விடுவது. இதுதான் எல்லாவற்றிலும் மோசம். காரமும் கொழுப்பமிலமும் சேர்வதென்பது சவர்க்காரத் தொழிற்சாலையைத் தாங்கிக்குள் வைப்பதுதான்.

களி எதனால் ஆனது என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கொஞ்சத்தைத் துணியில் ஒற்றி டீசலை எடுத்துவிட்டு, சுடுநீர்ப் போத்தலில் போட்டுக் குலுக்குங்கள். மழைநீரோ பற்றரிக்கு விடும் வடிநீரோ பாவியுங்கள். கரைந்து நுரைத்தால் சோடியச் சவர்க்காரம். நுரைக்காமல் தயிர்க்கட்டியாக மிதந்தால் கல்சியம் அல்லது மக்னீசியம் என்று சந்தேகிக்கலாம். நூல் நூலாக இழுபட்டு, அழுகிய நாற்றம் அடித்தால் அது நுண்ணுயிர். நீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் வளர்வது, அடிட்டிவ்வோடு சம்பந்தமில்லாதது. அதற்கு உயிர்கொல்லி மருந்து வேறு.

செய்யவேண்டியது: படகை ஓரிரவு அசையாமல் கட்டி, தாங்கியின் அடி வடிகாலால் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். தெளிந்த டீசல் மட்டும் வரும்வரை வடியுங்கள். தாங்கியைத் திறந்து துணியால் துடைத்து உலர்த்துங்கள், சலவைத் தூள் வேண்டாம். முன்பில்டர், கடைசிப் பில்டர் இரண்டையும் மாற்றி, காற்றெடுத்து, ஓடத் தொடங்கிய முதல் இருபது முப்பது மணித்தியாலத்தில் மீண்டும் பாருங்கள். செப்பரேற்றர் கிண்ணத்தைக் கடலுக்குப் போகுமுன் தினமும் வடியுங்கள். நீர் ஒழிந்த பிறகே அடிட்டிவ். அப்போதும் எசுத்தர் வகையை எடுப்பது உங்களுக்கு நல்லது.

டீசல் கொண்டுவரும் பரலையும் பாருங்கள். நாகமுலாம் (துத்தநாக முலாம்) பூசிய பரலிலும் வாளியிலும் அடிட்டிவ் கலந்த டீசலை வைக்கவேண்டாம். கொழுப்பமிலம் நாகத்தை அரித்து நாகச் சவர்க்காரமாக்கும், அது நொசில் துளையில் படியும். செப்புக் குழாயும் அப்படியே. வெறும் உருக்கு, அலுமினியம் அல்லது எரிபொருளுக்கென்றே செய்த பிளாஸ்ரிக் கேன் பாதுகாப்பு.

பம்ப் தேய்ந்துவிட்டதா என்று கழற்றாமல் அறிய முடியுமா? தேய்ந்த பம்பை அடிட்டிவ் மீட்குமா?
– வாசகர், வெள்ளவத்தை

இரண்டாவதற்கு முதலில் பதில்: மீட்காது. போன உலோகம் போனதுதான்.

சுழல் பம்ப் என்றால் ஓர் எளிய சோதனை உண்டு. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும் வண்டி, ஓடிச் சூடாகி நிறுத்திய பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா? பம்பின் தலைப்பகுதி மேல் ஈரத்துணியைப் போட்டு ஐந்து நிமிடம் ஆறவிட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனால் தலையும் ரோட்டரும் தேய்ந்திருக்கின்றன. சூட்டில் மெலிந்த டீசல் இடைவெளியால் நழுவுகிறது, குளிர்ந்ததும் தடித்து நிற்கிறது.

கொமன் ரெயிலில் பில்டரை வெட்டித் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். கறுப்பு அழுக்கு சாதாரணம். வெள்ளிப் பொடி மாதிரி மினுங்கினால் பம்ப் தன்னையே அராவிக்கொள்கிறது. காந்தம் பிடிக்காததால் உலோகமில்லை என்று நினைக்கவேண்டாம், அலுமினியத் துகளும் வரலாம். அந்த நிலையில் பம்பை மட்டும் மாற்றி ஓடினால் குழாயிலும் ரெயிலிலும் இன்ஜெக்ரரிலும் மிஞ்சிய தூள் புதிய பம்பையும் நொசிலையும் தின்னும். தாங்கியிலிருந்து திரும்பு குழாய் வரை முழுவதையும் கழுவவேண்டும். செலவு பெரிது, குறுக்குவழி இல்லை.

பாவித்த சமையல் எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கிடைக்கிறது. அதை அடிட்டிவ்வுக்குப் பதிலாகக் கலக்கலாமா?
– உணவக உரிமையாளர், பம்பலப்பிட்டி

கலக்கலாம். வழுவழுப்புக்கு 1 முதல் 2 சதவீதம் போதும்; 60 லீற்றருக்கு அதிகபட்சம் 1.2 லீற்றர். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வேலையில் பெரும்பங்கைச் செய்வது பயோடீசலின் மெதயில் எசுத்தர் அல்ல, அதில் அசுத்தமாக மிஞ்சியிருக்கும் கொழுப்பமிலமும் மொனோகிளிசரைட்டும்தான். அதற்காக அசுத்தமான பயோடீசலைத் தேடவேண்டாம். ஐரோப்பியத் தரத்தின்படி அமிலப் பெறுமானம் கிராமுக்கு 0.5 மில்லிகிராம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக்குள்ளும், நீர் கிலோவுக்கு 500 மில்லிகிராமுக்குள்ளும் இருக்கவேண்டும். உள்ளூரில் சிறிய அளவில் செய்பவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: ஊக்கியாகப் போட்ட சோடியத்தைக் கழுவி, உலர்த்தினீர்களா? கலங்கலாக இருந்தால் வாங்காதீர்கள். பயோடீசல் பழைய தாங்கியில் படிந்த அழுக்கை இளக்கும் என்பதால் முதல் இரண்டு தாங்கிக்குள் பில்டர் அடைபடலாம். மாற்று பில்டர் ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள்.